கட்டுச்சோறு போன ஊர்கள்

உத்தரப்பிரதேசம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான். மயூர் விஹார் காய்கறிச் சந்தையைத் தாண்டி, அந்த நாற்றம் பிடித்த சாக்கடைப் பாலத்தைக் கடந்தால் தில்லி முடிந்துவிடும். அந்தப் பக்கம் கத்தரிக்காய் மலிவு என்று ரிக்‌ஷாவில் எத்தனையோ முறை இன்னொரு மாநிலத்துக்குப் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். டாக்சியில் தாண்டுவது இன்றுதான். மடியில் தூக்குவாளி, காலடியில் தண்ணீர், பக்கத்தில் ஆள் இல்லை. டாக்சியின் பின்சீட்டு இத்தனை அகலமா? இதில்தானே இடம் இல்லை, இடம் இல்லை என்று இத்தனை வருஷம் கேட்டேன். கையை நீட்டிப் பார்க்கிறேன், மறுபக்கத்துக் கதவு எட்டவில்லை. டிரைவர் சுக்பீர் காதில் எதையோ செருகிக்கொண்டு பெண்டாட்டியிடம் காஸ் சிலிண்டரைப் பற்றி வாதாடியபடியே ஓட்டுகிறான். கிளம்பும்போது “ஆக்ராவில் எங்கே மாதாஜி?” என்று கேட்டான். “அங்கே போய்ச் சொல்றேன்” என்றேன். ஏதோ சொந்தக்காரர் வீடு என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும். தாஜ்மஹால் என்று சொன்னால் அடுத்தபடியாக முதல் தடவையா என்று கேட்பான், எனக்கு அந்த ஒரு கேள்விக்குத்தான் பயம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. மகன் திருமலை இருபத்தேழாம் தேதி வந்து வீட்டைக் காலி செய்து என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறான். போன தடவை வந்தபோதே சுவர்க் காலண்டரிலிருந்து குத்துவிளக்கு வரைக்கும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டான், நானும் ஒரு பெட்டி மாதிரிதான், இன்னும் கயிறு கட்டவில்லை, அவ்வளவுதான். அதற்குள் ஒரே ஒரு தடவை அந்தத் தாஜ்மஹாலை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தில்லியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் அதைப் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? பார்த்தாச்சு, பார்த்தாச்சு என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே.

தலைநகரத்தில் ஒரு சொந்தக்காரன் இருந்தால் அவன் வீடு ஊருக்கே சத்திரம். மே மாசம் பிறந்தால் தென்காசியில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் பல் தேய்ப்பார்கள். இரண்டு நாள் தில்லி, மறுநாள் ஆக்ரா, அதற்கு மறுநாள் ஹரித்துவார், தெம்பு இருந்தால் ஜெய்ப்பூர். டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஒரு அம்பாஸடர் வரும். பின்னால் நாலு பேர், அவர்கள் மடியில் பிள்ளைகள், முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் வழிகாட்டியாக இவர். நான் மூன்று மணிக்கே எழுந்து கட்டுச்சோறு கட்டுவேன். எனக்குப் பக்கத்து மாநிலங்கள் எல்லாம் அடுப்படி வழியாகத்தான் பழக்கம். ஆக்ரா என்றால் புளிச்சோறு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. ஜெய்ப்பூர் என்றால் மிளகாய்ப்பொடி தடவின இட்லி, ராஜஸ்தான் வெயிலில் தயிர்ச்சோறு புளித்துப்போகும். குருக்ஷேத்திரத்துக்குப் பனிக்காலத்தில் போவார்கள், அதற்குத் தயிர்ச்சோறே போதும். ஹரித்துவார் என்றால் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், ராத்திரி வரை தாங்கும். அந்த ஊர் அப்போது உத்தரப்பிரதேசம், பிறகு பிரித்துத் தனி மாநிலம் ஆக்கினார்கள், சப்பாத்தி மாறவில்லை. எல்லாம் ஏற்றி முடித்ததும் யாராவது ஒருத்தருக்கு என் நினைவு வரும். முதன்முதலாக வந்தது இவர் தங்கை பிச்சம்மாளுக்கு. ஒரு காலை வண்டிக்குள் வைத்துவிட்டு, “என்ன மதினி, நீங்க வரலியா?” என்றாள். பாவம், புதுசாகக் கல்யாணம் ஆனவள், முகம் சுருங்கிப்போனது, விட்டால் இறங்கிவிடுவாள் போலிருந்தது. “நான் எத்தனையோ தடவ பாத்தாச்சு, நீங்க போய்ட்டு வாங்க” என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. இவர் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து, எல்லாரும் குளிக்கப் போன நேரத்தில் அடுப்படியில் எட்டிப் பார்த்து, “நாம எப்ப வேணாலும் போலாம்லா, இங்கனதான இருக்கோம்” என்றார். அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர்கள் கேட்பார்கள், நான் பார்த்தாச்சு என்பேன், இவர் சாயங்காலம் எப்ப வேணாலும் போலாம் என்பார். எப்ப வேணாலும், எப்ப வேணாலும். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை விவரம் வேண்டியிருக்கிறது! போய்வந்தவர்கள் சொன்னதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவர்களுக்கு நானே ஃபோனில் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வெயிலுக்கு முன்னால போயிருங்க, செருப்பக் கழத்தணும், காலுறை கொண்டுபோங்க, வெள்ளிக்கிழம மட்டும் வேண்டாம், பளிங்குப் பெட்டி விக்கிறவன்ட்ட பேச்சே குடுக்காதீங்க. கேட்டவர்கள் ஆவுடை மதினிக்குத் தெரியாததே இல்லை என்றார்கள். ராத்திரி காலித் தூக்குவாளி திரும்பி வரும், கூடவே வெள்ளைப் பூசணி மிட்டாய் ஒரு டப்பா. இவர் வாளியைத் தட்டிக் காட்டுவார். “ஒரு பருக்க மிச்சமில்லளா. கடல அப்பிடியே மொறுமொறுன்னு இருந்துச்சு.” நமத்த அப்பளத்தைத் தட்டில் வைத்தால் “என்னளா இது, சவசவன்னு” என்று விரலால் தள்ளுகிற மனுஷன், அவர் வாயால் வருகிற பாராட்டு. நான் கடலையைத் தனியாக வறுத்து, ஆறவைத்து, கடைசியில்தான் கலப்பேன். எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது.

இந்தச் சாலை நான் நினைத்த சாலை இல்லை. எனக்குத் தெரிந்த ஆக்ரா வழி ஃபரீதாபாத், பல்வல், ஹோடல், கோசி, மதுரா. ஹரியானாவில் பாதி, உத்தரப்பிரதேசத்தில் பாதி. பல்வலில் டீ குடிக்கணும், ஹோடலில் ஒட்டகம் நிற்கும், கோசியில் ரயில்வே கேட் போட்டுவிடுவான். காது வழியாகப் போய்ப்போய் எனக்கு அந்த வழி மனப்பாடம். இதுவோ புதுசாகப் போட்ட அகலச் சாலை. ஊரும் இல்லை, டீக்கடையும் இல்லை, இரண்டு பக்கமும் பழுத்த கோதுமை, வேலிக் கம்பி, தூரத்தில் கட்டிப் பாதியில் விட்ட மாடிகள். “பல்வல் வராதா?” என்றேன். “பல்வலா? அது பழைய ரோடு மாதாஜி, இப்ப யார் அதுல போறா” என்றான் சுக்பீர். அதுவும் போயிற்று. மனசுக்குள் இத்தனை வருஷம் ஒட்டகத்தைத் தண்ணீர் காட்டி வளர்த்தேன். ஒரே ஒரு தடவை அந்த ரோட்டில் நானும் போயிருக்க வேண்டியது. இவருடைய அத்தை மகனும் அவன் பெண்டாட்டியும் மட்டும் வந்திருந்தார்கள், திருமலை பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தான். பின்சீட்டில் ஒரு இடம் இருந்தது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. முந்தின நாள் ராத்திரியே மாம்பழக் கலர் சுங்குடிச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். காலையில் வாளியைக் கட்டிவிட்டு, அதை உடுத்தி, பூ வைத்துக்கொண்டு நானாகக் கீழே இறங்கினேன். இவர் வண்டிப் பக்கத்தில் நின்று மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். “பணிக்கர் சார், வண்டியில ஒரு எடம் சும்மா போகுது, வாறீங்களா?” பணிக்கரும் கைலியை மாற்றிக்கொண்டு ஓடி வந்தார். அப்புறம்தான் இவர் என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். “என்ன, கோயிலுக்கா?” என்றார். நான் “ஆமா” என்றேன். வண்டி போனபிறகு பஸ் பிடித்து மலை மந்திருக்குப் போனேன், சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதே. முருகன் முன்னால் நின்று என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கோயிலுக்கா என்று இவர் தெரிந்துதான் கேட்டாரா? இல்லை, கண்ணுக்கு முன்னால் நிற்கிறவள் வண்டியில் ஏற வந்தவள் என்று அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லையா? தெரிந்து கேட்டிருந்தால் கல்நெஞ்சன். தெரியாமல் கேட்டிருந்தால் அது இன்னும் மோசம், பிடிக்காதவளை விட்டுவிட்டுப் போகிறவன் பரவாயில்லை, இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் போகிறவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? நடத்தினேன். நல்லபடியாகத்தான் நடத்தினேன். சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று பணிக்கர் சம்சாரம் கண் வைப்பாள்.

டோல் வந்தது, போயிற்று. சுக்பீர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “தூங்குங்க மாதாஜி” என்றான். தூக்கம் எங்கே வருகிறது. ஒருத்தியாக ஒரு வண்டியில் போனால் வழியில் பார்க்கிற எதையும் யாரிடமும் காட்ட முடியாது என்று இப்போதுதான் தெரிகிறது. அதோ மயில் என்று சொல்ல வாய் எடுத்து மூடிக்கொண்டேன், வயல் வரப்பில் ஒரு மயில் கோழியைப் போல மேய்ந்துகொண்டிருக்கிறது. சென்னையில் மகன் வீட்டில் எனக்கு ஒரு அறை ஒதுக்கி ஏசி கூடப் போட்டுவிட்டார்களாம். நல்ல பிள்ளை. அங்கேயும் யாராவது கேட்பார்கள், தில்லியில் இருந்தீங்களா, தாஜ்மஹால் பார்த்திருப்பீங்களே. இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் உண்மையில் அதற்காகத்தான் கிளம்பினேனா என்று கேட்டால், இல்லை. ஆஸ்பத்திரியில் இவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. கடைசி வாரம். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி ஊசி போட்டுக்கொண்டே, தில்லிக்கு வந்து இத்தனை வருஷம் ஆயி, ஞான் இன்னும் தாஜ்மஹால் கண்டிட்டில்லா என்றாள். இவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் பேசுகிறார். “போய்ட்டு வாங்க சிஸ்டர். நாங்க ரெண்டு பேரும் எத்தனையோ தடவ போயிருக்கோம். இவ வெயில்ல நிக்க மாட்டா. எல்லாரும் வேடிக்க பாக்கப் போனா, இவ நேரே ஒரு மரத்தடியில போய் உக்காந்துக்கிடுவா. சோத்துவாளியத் தொறந்து வச்சிட்டு அங்கன இருந்தே கையக் காட்டிக் கூப்பிடுவா.” நான் ஃப்ளாஸ்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். மருந்து மயக்கமா? முன்சீட்டிலிருந்து இத்தனை வருஷம் கேட்டுக்கேட்டு என் பொய்யை அவரும் நம்பிவிட்டாரா? அல்லது சிஸ்டர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாரா? அப்படியென்றால் அந்த மரம் எங்கிருந்து வந்தது? பொய்க்கு மரம் தேவையில்லையே. நாங்க ரெண்டு பேரும் போயிருக்கோம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கை காட்டிக் கூப்பிடுகிறதை அவர் எங்கே பார்த்தார்? அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்போம், மூச்சு சரியாகட்டும் என்று இருந்தேன். எப்ப வேணாலும் கேட்கலாம், பக்கத்திலேதானே கிடக்கிறார் என்று. எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டிருந்தது.

ஆக்ரா வந்துவிட்டது என்று சொல்லித்தான் தெரிந்தது. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் குளிர்கிடங்கு வாசலில் ஒரு மைலுக்கு வரிசை கட்டி நிற்கின்றன, எங்கள் வண்டி நடுவில் ஊர்கிறது. “இனி சொல்லுங்க, எந்தப் பக்கம்?” என்றான் சுக்பீர். வேறு வழியில்லை. “தாஜ்மஹால்” என்றேன். அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பினான். “மாதாஜி, இன்னிக்கு ஜும்மா. வெள்ளிக்கிழமை. தாஜ் சாத்தியிருக்குமே. காலையிலேயே சொல்லியிருந்தா நாளைக்குக் கிளம்பியிருக்கலாமே.” எனக்கு முதலில் விளங்கவே இல்லை. வெள்ளிக்கிழமையா? இன்றைக்கா? வெள்ளிக்கிழமை என்பது எனக்குத் தெரியாமல் எப்படி வரும்? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது சொல்லிக்கொண்டுதான் வரும். முந்தின நாள் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பது, விடிந்ததும் எண்ணெய், சீயக்காய், மஞ்சள், வாசலில் மாக்கோலம், நிலைப்படிக்குக் குங்குமம், தலை காயுமுன் பூ. ஈரத் தலையோடு சாம்பிராணிப் புகையில் நின்றால் வெள்ளிக்கிழமை. காலண்டரை யார் பார்த்தது? இவர் போனபிறகு எண்ணெய்க் குளியல் நின்றது, மஞ்சள் நின்றது, வருஷம் திரும்பும்வரை விசேஷம் எதுவும் கூடாது என்றார்கள், கோலத்தையும் விட்டேன். விளக்கு பெட்டிக்குள் போயிற்று. ஏழு நாளும் ஒரே நிறமாகிவிட்டது. புருஷனோடு கூட ஒரு கிழமையும் போய்விட்டது, அது போனதைக் கூட நான் கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொன்ன வாய் இது! சிரிப்பு வந்தது, அப்படியே அழுகையாக மாறியது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். சுக்பீர் பதறிப்போய்த் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினான். “ஆத்துக்கு அக்கரையில ஒரு தோட்டம் இருக்கு. வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும். அங்கயிருந்து தாஜோட முதுகு தெரியும். போலாமா?” என்றான். முதுகு. இத்தனை வருஷம் வண்டி போகிறபோதெல்லாம் பார்த்த அதே தரிசனம்தான். போலாம் என்றேன்.

தோட்டத்தில் கூட்டம் இல்லை. கல் பாவிய பாதையில் நடக்கிறேன், வெயில் நடு உச்சிக்கு வந்துகொண்டிருக்கிறது, வாளி கனக்கிறது, சுக்பீர் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறான். தலை நிமிர்ந்தால் அதோ. பிஸ்கட் டப்பாவிலும் சலூன் சுவரிலும் பார்த்ததுதான், ஆனாலும் அது நிஜமாகவே அங்கே நின்றது, வெள்ளையாக, ஆள் நடமாட்டம் ஒன்றுகூட இல்லாமல், கதவு சாத்திய வீடு மாதிரி. நடுவில் யமுனை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற அதே கறுப்புத் தண்ணீர். “முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணுதான் மாதாஜி, ஒரு வித்தியாசமும் கிடையாது” என்றான் சுக்பீர், எனக்கு ஆறுதலாக. பிறகு கேட்டேவிட்டான். “முதல் தடவையா?” “ஆமா” என்றேன். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை, அவன் தலையை ஆட்டிவிட்டு ஃபோனில் படம் எடுக்கப் போனான். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்? அழகுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது, அந்தக் கட்டிடத்தின் மேல், செத்துப்போனபிறகு பெண்டாட்டிக்கு இத்தனை பெரிசாகக் கட்டினவன் மேல், ஒரு சீட்டைப் பணிக்கருக்குக் கொடுத்தவர் மேல். கோபம் ஆறுமட்டும் அதையே பார்த்தேன். கண் கூசியது. எல்லாரும் கம்பி வேலி ஓரமாக வெயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் எப்போது அங்கிருந்து நகர்ந்தேன் என்று தெரியவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். வாளியின் மூடி திறந்திருந்தது. என் வலது கை தலைக்கு மேல் இருந்தது, சுக்பீரைச் சாப்பிட வரச் சொல்லி ஆட்டிக்கொண்டிருந்தது. கையை அப்படியே வைத்திருந்தேன், இறக்கத் தோன்றவில்லை. சுக்பீர் வந்து உட்கார்ந்தான், வாளி மூடியில் அவனுக்கு அள்ளி வைத்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டு, “ரொம்பப் பிரமாதம் மாதாஜி” என்றான். நானும் ஒரு பிடி எடுத்தேன். கட்டுச்சோற்றை மத்தியானத்தில் நான் சாப்பிட்டதே இல்லை, காலையில் சட்டியில் ஒட்டினதை அப்போதே வழித்துச் சாப்பிட்டுவிடுவேன். சோறு பரவாயில்லை, புளி நன்றாகவே இறங்கியிருந்தது. கடலையைக் கடித்தேன். இன்னொன்றைக் கடித்துப் பார்த்தேன். சோற்றின் ஈரத்தில் ஊறி நமத்துப் போயிருந்தது, சவசவ என்று. ஒவ்வொரு தடவையும் இப்படித்தானே இருந்திருக்கும், ஆக்ராவுக்குப் போன ஒவ்வொரு வாளியிலும். எதிரே அந்த வெள்ளைக் கட்டிடம் சும்மா நின்றது. எனக்குப் பக்கத்தில் மரநிழலில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அந்தப் பக்கம் பார்த்து, சுக்பீருக்கு விளங்காத பாஷையில், வாய்விட்டே கேட்டேன்: “ஏங்க, கடல நமத்துப் போயிருக்கே. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்லா.”